இதுக்கு எந்த ஊருன்னு போடட்டும்?

நான் மெடிக்கல் ரெப். திருச்சி தான் ஹெட்குவார்ட்டர்ஸ். 16 வருஷமா இதே வேலை. எங்க லைன்ல இருக்கறவங்களுக்கு தெரியும், மாசக் கடைசி வந்தா எக்ஸ்பென்ஸ் ஸ்டேட்மென்ட் போடணும், எந்த தேதில எந்த ஊரு, எக்ஸ்-ஸ்டேஷனா அவுட்ஸ்டேஷனா, அதாவது அன்னைக்கே திரும்பினதா ராத்திரி தங்கினதா, பஸ் டிக்கெட்டு, லாட்ஜ் பில்லு, சாப்பாட்டு பில்லு எல்லாத்தையும் தேதி வாரியா ஏ4 ஷீட்டுல ஒட்டி ஏரியா மேனேஜருக்கு அனுப்பணும். கல்யாணம் ஆன முதல் மாசத்துலேர்ந்து எனக்கு அத ஒட்டி குடுத்தது என் மனைவி. நான் பேக்ல, சட்டை பாக்கெட்ல இருக்கறத எல்லாம் அப்படியே கவுத்துப் போடுவேன், அவ ஹால்ல தரையில உக்காந்து, பில்லு பறக்கக்கூடாதுன்னு ஃபேன ஆஃப் பண்ணிட்டு, வேர்க்க வேர்க்க ஒவ்வொண்ணா கசங்கல நீவி கம் தடவி ஒட்டுவா.

2023 ஆகஸ்ட் கடைசில அப்படி ஒட்டிக்கிட்டு இருந்தப்ப தான் ஒரு பில்ல கையில எடுத்தா. கும்பகோணத்துல ஒரு ஓட்டல். சாப்பாடு 2, காபி 2. அந்த தேதிக்கு நான் வீட்ல சொல்லியிருந்தது புதுக்கோட்டை. டெய்லி ரிப்போர்ட்லயும் புதுக்கோட்டைன்னு தான் போட்டிருந்தேன். அவ அந்த பில்ல கட்டை விரலால நீவிக்கிட்டே கொஞ்ச நேரம் பாத்தா, அப்புறம் நிமிராம கேட்டா, "இதுக்கு எந்த ஊருன்னு போடட்டும்?"

கோபமா கேக்கல. சந்தேகமா கூட கேக்கல, எப்பவும் கேக்கற மாதிரி தான் கேட்டா. எனக்கு வாய் வரல. ஃபேன் ஓடாத அந்த ஹால்ல அவ நெத்தியிலேர்ந்து ஒரு சொட்டு வேர்வை ஷீட்டுல விழுந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. நான் ஏதோ ஒரு டாக்டரோட சாப்பிட்டேன்னு சொன்னேன். அவ சரின்னு கூட சொல்லாம அந்த பில்ல தனியா எடுத்து வச்சுட்டு மிச்சம் எல்லாத்தையும் ஒட்டி முடிச்சா, கம் பாட்டில மூடினா, ஃபேன போட்டா, அதுக்கப்புறம் தான் என் மூஞ்சிய பாத்தா.

14 மாசம். அதே லைன்ல வேற கம்பெனில வேலை பாத்தவங்க. அவங்கள பத்தி இதுக்கு மேல இங்க எழுத மாட்டேன், அது அவங்க வாழ்க்கை.

இத எழுதறதுக்கு காரணம், நான் தேடினப்ப எனக்கு எதுவும் கிடைக்கல. ஏமாந்தவங்க எப்படி மீண்டு வரணும்னு எல்லாரும் எழுதறாங்க, அது தான் நியாயமும் கூட. ஏமாத்தினவன் அதுக்கப்புறம் காலைல எந்திரிச்சு பல்லு விளக்கி கண்ணாடிய பாக்கணுமே, அவன் என்ன செய்யணும்னு யாரும் சொல்லல. அவனுக்கு என்ன கேடுன்னு நீங்க நினைக்கலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன், அப்படி நினைக்கறது தான் யோக்கியம்னு நினைச்சேன். அதுல தான் தப்பு பண்ணேன், அதனால அத முழுசா சொல்லணும்.

முதல்ல உண்மைய தவணை முறையில சொன்னேன். அன்னைக்கு ராத்திரி, சும்மா ஃபிரெண்ட்லியா பழகினோம்னு. ரெண்டு நாள் கழிச்சு, ஆமா கொஞ்சம் எல்லை மீறிட்டேன், ஒரு ரெண்டு மாசம் தான்னு. அடுத்த வாரம் அவ என் போன்ல கால் ஹிஸ்டரிய பாத்துட்டு கேட்டப்ப தான் 14 மாசம்னு. ஒவ்வொரு தடவையும் அவ "இவ்வளவு தானா, இன்னும் இருக்கா"ன்னு கேட்டா, ஒவ்வொரு தடவையும் நான் இவ்வளவு தான்னு சத்தியம் பண்ணேன். ரெண்டாவது தடவை பாப்பா மேல சத்தியம் பண்ணேன். பொய் சத்தியம். பாப்பாவுக்கு அப்ப 7 வயசு, பக்கத்து ரூம்ல தூங்கிக்கிட்டு இருந்தா. 14 மாசத்த விட அந்த ஒரு சத்தியத்த தான் என் மனைவியால இன்னைக்கும் தாங்க முடியல. அப்படி பிட்டு பிட்டா சொன்னா அவளுக்கு வலி குறையும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன், ஆனா அவ அடுத்தடுத்து மூணு தடவ ஏமாந்தா, அது தான் நடந்தது.

மூணாவது தவணைக்கப்புறம் அவ பாப்பாவ கூட்டிக்கிட்டு மணப்பாறைக்கு அம்மா வீட்டுக்கு போயிட்டா. 43 நாள். அவ திருச்சில ஒரு ஸ்கூல்ல பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு தமிழ் டீச்சர், பாப்பாவும் அதே ஸ்கூல் தான், ரெண்டு பேரும் தினமும் காலைல பஸ் புடிச்சு வந்து சாயங்காலம் பஸ் புடிச்சு போனாங்க. நான் போய் கூப்பிட்டப்ப மாமனார் எனக்கு காபி குடுத்தார். டம்ளர திண்ணைல வச்சுட்டு உள்ள போயிட்டார். 11 வருஷமா "வாங்க மாப்ள"ன்னு வாய் நிறைய கூப்பிட்ட மனுஷன், அன்னைக்கு ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்.

இந்த 43 நாள்ல எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவங்க நிறைய பேர். அவங்க சொன்னத எல்லாம் நான் அள்ளி அள்ளி எடுத்துக்கிட்டேன், அதையும் மறைக்க கூடாது. எங்க டீம்ல ஒருத்தர், வயசுல பெரியவர், "இதெல்லாம் இப்ப குத்தமே இல்ல தம்பி, 2018லயே சுப்ரீம் கோர்ட்டு அந்த செக்‌ஷன தூக்கிடுச்சு"ன்னார். நான் ராத்திரி உக்காந்து அத தேடி படிச்சேன். உண்மை தான், 2018 செப்டம்பர் 27ல அஞ்சு நீதிபதிங்க ஐபிசி 497 செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சுல பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. அப்புறம் தான் மேல படிச்சேன், அந்த செக்‌ஷன் 1860லேர்ந்து இருந்தப்ப அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு. கல்யாணமான ஒரு பொண்ணோட, அவ புருஷனுக்கு தெரியாம, அவன் சம்மதம் இல்லாம ஒருத்தன் உறவு வச்சா, அந்த புருஷன் புகார் குடுக்கலாம். அவ்வளவு தான். தப்பு பண்ணவனோட மனைவி புகார் குடுக்க அதுல வழியே இல்ல. அதாவது என் மனைவி அந்த சட்டத்துல எங்கயுமே இல்ல. இருந்தப்பவும் அவளுக்கு ஒண்ணும் இல்ல, போனப்பவும் ஒண்ணும் இல்ல. அந்த சட்டத்த வச்சு நான் என்ன ஆறுதல் தேடிக்கிட்டேன்னு நினைச்சப்ப எனக்கே அசிங்கமா போச்சு. விவாகரத்து கேக்கறதுக்கு அது இன்னும் காரணம் தான், அத அந்த பெரியவர் சொல்லல. அவ வக்கீலப் பாத்துட்டு வந்தது எனக்கு டிசம்பர்ல தான் தெரியும். அந்த வக்கீலோட விசிட்டிங் கார்டு இன்னும் பீரோவுல இருக்கு. அவ எடுத்து போடல, நானும் கேட்டதில்ல.

எங்கம்மா வேற மாதிரி ஆறுதல் சொன்னாங்க. "ஆம்பள அப்படி இப்படி இருக்கறது தான்டா, அவ தான் உன்ன மயக்கியிருப்பா." எங்க சொந்தத்துல எல்லாரும் அதையே புடிச்சுக்கிட்டாங்க. எவளோ ஒருத்தி மயக்கிட்டா, பையன் பாவம், வெளியூர் அலையற பையன். நாலு மாசம் நான் அத மறுத்து ஒரு வார்த்தை பேசல. பேசாம இருந்தா எனக்கு வசதி, எல்லாரும் எனக்கு சாப்பாடு போட்டாங்க, தலைய தடவி குடுத்தாங்க. முன்ன பின்ன தெரியாத ஒரு பொண்ணு மேல ஒரு குடும்பமே மண்ண வாரி தூத்திக்கிட்டு இருந்துச்சு, நான் அங்க உக்காந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தப்ப பேச்சு மறுபடி அங்க போச்சு. அப்ப தான் சொன்னேன், "அம்மா, என்ன யாரும் மயக்கல. நானா போனேன். தெரிஞ்சே போனேன்." அம்மா கரண்டிய வச்சுட்டு எந்திரிச்சு கொல்லைப்பக்கம் போயிட்டாங்க. அந்த வார்த்தைய சொன்னப்ப எனக்கு உடம்பு நடுங்குச்சு, ஆனா அன்னைக்கு ராத்திரி பல மாசத்துக்கப்புறம் நான் தூங்கினேன். ஏன் தூக்கம் வந்துச்சுன்னு அப்ப எனக்கு புரியல.

நடுவுல, 43 நாள் கழிச்சு அவ திரும்பி வந்திருந்தா. வாசப்படில நின்னே சொன்னா, "நான் உங்களுக்காக வரல. பாப்பாவுக்கு தினம் பஸ்ல அலைஞ்சு உடம்பு வீணா போகுது." சரின்னேன். அதுக்கு முன்னாடி எல்லாம் "என்னங்க"ன்னு தான் கூப்பிடுவா. அன்னைலேர்ந்து எதுவும் சொல்லி கூப்பிடறதில்ல, நேரா விஷயத்துக்கு வருவா.

அப்ப நான் என்ன செஞ்சேன்னா, என்னைய தண்டிக்க ஆரம்பிச்சேன். தரையில பாய் கூட இல்லாம படுத்தேன். எனக்கு புடிச்சது எதையும் சாப்பிடல. 9 கிலோ இறங்கிட்டேன். ஃபிரெண்ட்ஸ் போன எடுக்கல. அவ எதிர்ல வந்தா தலைய குனிஞ்சுக்கிட்டேன், அவ ஏதாவது கேக்க ஆரம்பிச்சா அழுதுடுவேன், "நான் மனுஷனே இல்ல, நான் செத்துப் போறேன், என்ன மாதிரி ஒரு ஜென்மம் இருக்கவே கூடாது"ன்னு. உண்மையா தான் அழுதேன், நடிக்கல. இது தான் பிராயச்சித்தம்னு முழுசா நம்பினேன்.

2024ல சமயபுரத்துக்கு விரதம் இருந்தேன். எங்க ஊர் பக்கம் இருக்கறவங்களுக்கு தெரியும், மாசி கடைசி ஞாயித்துக்கிழமைலேர்ந்து 28 நாள் அங்க பச்சைப்பட்டினி. மத்த கோயில்ல பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பாங்க, சமயபுரத்துல அம்மனே பக்தர்களுக்காக விரதம் இருக்கா. அந்த 28 நாளும் தளிகை, அதாவது சமைச்ச படையல், கிடையாது, இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு இது மாதிரி தான் நைவேத்தியம். நான் அந்த 28 நாளும் ஒரு வேளை சாப்பாடு, செருப்பு போடல, வெறுங்காலோட தான் டாக்டருங்கள பாக்க போனேன், கடைசில நடந்து போய் மொட்டை போட்டுட்டு வந்தேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சப்ப அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. என் தலைய பாத்தா. கைய தண்ணிலேர்ந்து எடுக்காம சொன்னா, "அம்மனுக்கு செய்ய வேண்டியத செஞ்சுட்டீங்க. எனக்கு என்ன செஞ்சீங்க?"

எனக்கு கோபம் வந்துச்சு. வெக்கத்த விட்டு சொல்றேன், கோபம் தான் வந்துச்சு. இவ்வளவு கஷ்டப்படறேனே, இவ கண்ணுக்கு தெரியலயான்னு.

தில்லை நகர்ல ஒரு கவுன்சிலிங் மேடம் கிட்ட போனது அதுக்கப்புறம் தான். நான் தனியா தான் போனேன், அவ வரலன்னுட்டா. மூணாவது தடவை போனப்ப நான் இப்படி அழறேன், சாப்பிட மாட்டேங்கறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். மேடம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "நீங்க அழறப்ப உங்க வீட்ல அவங்க என்ன செய்வாங்க?"

யோசிச்சேன். "தண்ணி கொண்டு வந்து குடுப்பா."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்திருப்பா. சரி விடுங்க, அழாதீங்கம்பா."

"அவங்க எதுவோ கேக்க வந்தாங்கன்னு சொன்னீங்களே, அது என்ன ஆச்சு?"

நான் பதில் சொல்லல. சொல்ல என்ன இருக்கு, அந்த கேள்வி அவளுக்குள்ளயே திரும்பி போயிடுச்சு. 7 மாசமா அவ எது கேக்க வந்தாலும் நான் அழுது அத அடைச்சிருக்கேன். அடி வாங்கினது அவ, கட்டு போட்டுக்கிட்டது நான், அதையும் அவ கையாலயே போட வச்சிருக்கேன்.

மேடம் வெக்கத்துக்கும் குத்த உணர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்த சொன்னாங்க. அமெரிக்காவுல ஜூன் டாங்க்னின்னு ஒரு உளவியல் பேராசிரியர் இத பத்தியே ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணவங்களாம். "நான் ஒரு கேவலமானவன்"னு நினைக்கறது வெக்கம், "நான் ஒரு கேவலமான காரியம் பண்ணிட்டேன்"னு நினைக்கறது குத்த உணர்ச்சி. கேக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா வெக்கம் புடிச்சவன் ஒளிஞ்சுக்க தான் பாப்பான், இல்லன்னா அடுத்தவங்க மேல கோபப்படுவான், ஏன்னா மொத்தமும் அவன பத்தினது. குத்த உணர்ச்சி இருக்கறவன் பண்ணத சரி செய்ய கைய நீட்டுவான், ஏன்னா அவன் கண்ணு பாதிக்கப்பட்டவங்க மேல இருக்கும். மொட்டை போட்டுட்டு வந்த அன்னைக்கு எனக்கு ஏன் கோபம் வந்துச்சுன்னு அங்க தான் புரிஞ்சுது.

இத வீட்டுக்கு வந்து அவகிட்ட சொன்னேன். அவ பிளஸ் டூ பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தா. சிவப்பு பேனாவ கீழ வைக்காமயே சொன்னா, "இத கண்டுபிடிக்க அமெரிக்கா போகணுமா. கோவலன் திரும்பி வந்தப்ப என்ன சொன்னான் தெரியுமா?" எனக்கு தெரியல, ஸ்கூல்ல படிச்சது. சிலம்பு, பாண்டியன், எரிஞ்ச மதுரை, அவ்வளவு தான் ஞாபகம். அவ சொன்னா. மாதவிய விட்டுட்டு வீட்டுக்கு வர்றான். கண்ணகி மெலிஞ்சு போய் நிக்கறா. அப்ப அவன் வெக்கமா இருக்குன்னு சொல்றான். எதுக்குன்னா, முன்னோர் சேத்து வச்ச மலை மாதிரி சொத்து எல்லாம் தொலைஞ்சு போச்சே, அந்த இல்லாமை எனக்கு வெக்கமா இருக்குன்னு. "உன்ன இப்படி பண்ணிட்டேனேன்னு ஒரு வார்த்தை இல்ல. காசு போன வெக்கம். மாதவி மேல வேற பழிய போட்டுட்டான், பொய்க்காரின்னு."

நான் அப்படியே உக்காந்துட்டேன். பொங்கல் அன்னைக்கு வரைக்கும் நான் வாய தொறக்காம இருந்தது ஞாபகம் வந்துச்சு.

"அப்ப எப்ப தான் மன்னிப்பு கேட்டான்?"ன்னேன்.

அவ சொன்னா. அதுக்கப்புறம் கோவலனும் கண்ணகியும் கெளம்பி நடக்கறாங்க. பூம்புகார்லேர்ந்து காவிரிக்கரை வழியா, நம்ம ஸ்ரீரங்கம், நம்ம உறையூர் எல்லாம் தாண்டி தான் மதுரைக்கு போறாங்க. மதுரைக்கு வெளிய ஆயர்ச்சேரில மாதரின்னு ஒரு ஆயர் குல அம்மா வீட்ல தங்கறாங்க. கண்ணகி சமைச்சு இலை போட்டு சாப்பாடு போடறா. சாப்பிட்டு முடிச்சப்புறம் அவன் நினைச்சு பாக்கறான், இந்த கல்லு முள்ளு பாதையில இவ காலு எப்படி நடந்துச்சோன்னு. அப்ப தான், பெத்தவங்க பேச்ச கேக்கல, உனக்கு சிறுமை பண்ணிட்டேன்னு சொல்றான். "அதுக்கு கண்ணகி பரவால்லன்னு சொல்லல, கவனிங்க. நீங்க செஞ்சது போற்ற முடியாத ஒழுக்கம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவா. சொல்லிட்டு தான் நான் ஏன் கூட வந்தேன்னு சொல்லுவா." கொஞ்ச நேரம் கழிச்சு பேப்பர பாத்துக்கிட்டே சொன்னா, "அப்புறம் சிலம்ப விக்க போனவன் திரும்பி வரல. அவனுக்கு டைம் இல்ல."

அன்னைக்கு நான் அழல. அழுகை தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டு, "உனக்கு என்னென்ன கேக்கணுமோ கேளு, நான் உக்காந்திருக்கேன்"னு சொன்னேன். அவ அன்னைக்கு கேக்கல. ரெண்டு வாரம் கழிச்சு பாப்பா தூங்கினப்புறம் ஒரு லாங் சைஸ் நோட்ட கொண்டு வந்து டேபிள் மேல வச்சா. நாலு பக்கத்துக்கு கேள்வி. தேதி போட்டு, நம்பர் போட்டு, கொஸ்டின் பேப்பர் எழுதற அதே கையெழுத்து. ஒரு ராத்திரில முடியல, கிட்டத்தட்ட ஒரு மாசம், வாரத்துல ரெண்டு நாள் மூணு நாள்.

அதுல 17வது கேள்வி. "2023 பிப்ரவரில பாப்பாவுக்கு 103 காய்ச்சல் வந்து நான் ராத்திரி தனியா ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினப்ப, நான் 11 தடவ கூப்பிட்டேனே, அப்ப எங்க இருந்தீங்க?"

அவளுக்கு பதில் தெரியும். தெரிஞ்சு தான் கேட்டா. என் வாயால வரணும். நான் முதல்ல, "அன்னைக்கு போன் சைலன்ட்ல இருந்துச்சு, எனக்கு தெரியாது, தெரிஞ்சிருந்தா"ன்னு ஆரம்பிச்சேன். அவ நோட்ட மூடிட்டா. மறுநாள் மறுபடி அதே கேள்வி. "ஆனா நான் காலைல உடனே"ன்னு ஆரம்பிச்சேன். மூடிட்டா. மூணாவது நாள் சொன்னேன், "கும்பகோணத்துல இருந்தேன். அவங்களோட இருந்தேன். நான் தான் போன சைலன்ட்ல போட்டேன்." முற்றுப்புள்ளி. அவ ரொம்ப நேரம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா, அப்புறம் அழுதா. அந்த அழுகைய நான் எந்த சமாதானமும் சொல்லாம, நானும் சேந்து அழாம, எந்திரிச்சு ஓடாம, பக்கத்துல உக்காந்து பாத்தேன். அந்த ராத்திரி மாதிரி ஒரு ராத்திரி எனக்கு வாழ்க்கைல வந்ததில்ல. தண்ணி நான் கொண்டு வந்து குடுத்தேன்.

என்னைய நான் மன்னிக்க ஆரம்பிச்சது அங்க தான்னு நினைக்கறேன். அப்ப அப்படி ஒரு பேரு அதுக்கு இருக்குன்னு கூட தெரியாது. மேடம் பின்னாடி சொன்னாங்க, அடுத்தவங்கள மன்னிக்கறத பத்தி நிறைய ஆராய்ச்சி இருக்கு, தன்னையே மன்னிக்கறது அதுல மாற்றாந்தாய் புள்ள மாதிரி கிடந்துச்சு, 2005ல ஜூலி ஹால், ஃபிராங்க் ஃபிஞ்சம்னு ரெண்டு பேர் அப்படித்தான் ஒரு கட்டுரைல எழுதினாங்கன்னு. பண்ணதுக்கு பொறுப்பு ஏத்துக்காம, பெருசா ஒண்ணும் ஆகலன்னு தனக்கு தானே சொல்லிக்கிட்டு நிம்மதியா இருக்கறத அவங்க மன்னிப்பு கணக்குலயே சேக்கல, அது போலி. 497 போச்சுன்னு படிச்சப்ப எனக்கு இறங்கின பாரம் அந்த போலி தான். பொங்கல் ராத்திரி வந்த தூக்கம் போலி இல்ல. நோட்டு முன்னாடி உக்காந்தது போலி இல்ல. வித்தியாசம் எனக்கு உடம்புல தெரியுது, போலி மன்னிப்புல அவ மூஞ்சிய பாக்க முடியாது, பாத்தா உடைஞ்சுடும். இதுல அவ மூஞ்சிய பாக்க முடியுது.

அதுக்காக மனசு லேசாயிடுச்சுன்னு இல்ல. பாப்பாவுக்கு ஒவ்வொரு தடவ காய்ச்சல் வந்தாலும் எனக்கு அந்த ராத்திரி வரும். வரட்டும். முன்னாடி அது வந்தா நான் ஒரு மூலைல சுருண்டு படுத்துப்பேன், மறுபடியும் என் மனைவி தான் தெர்மாமீட்டர தேடுவா. இப்ப அது வரும், நான் எந்திரிச்சு தெர்மாமீட்டர எடுப்பேன், துணிய நனைச்சு நெத்தியில போடுவேன். அந்த ஞாபகமும் ஒரு பக்கம் நிக்கும், கையும் வேலை செய்யும். ரெண்டும் ஒரே நேரத்துல முடியும்னு முன்னாடி எனக்கு தெரியாது.

இன்னொண்ணும் சொல்லணும், ஏன்னா இத படிக்கற சில பேருக்கு இது தான் கேள்வியா இருக்கும். அவ என்ன மன்னிச்சுட்டாளா? நான் கேட்டதில்ல. கேக்க கூடாதுன்னு இருக்கேன். அவ மன்னிப்பு அவளோடது, அவ குடுக்கலாம், குடுக்காமலே போகலாம், பீரோவுல இருக்கற கார்ட ஒரு நாள் எடுக்கலாம். முன்னாடி அவ என்ன மன்னிச்சா தான் நான் என்ன மன்னிக்க முடியும்னு கட்டிப் போட்டு வச்சிருந்தேன், அதனால ஒவ்வொரு நாளும் அவ மூஞ்சிய பாத்து பாத்து, இன்னைக்கு சிரிச்சாளா, இன்னைக்கு பேசினாளான்னு அவளுக்கு அது ஒரு கூடுதல் சுமை. என் நிம்மதிக்கு அவ வேலை செய்ய வேண்டியிருந்துச்சு. அந்த வேலையிலேர்ந்து அவள விடுவிக்கணும்னா என் பாரத்த நான் தான் தூக்கணும், தூக்கறதுக்கு கொஞ்சம் நிமிந்து நிக்கணும், தரையில கிடந்தா தூக்க முடியாது. சாப்பிட ஆரம்பிச்சேன். கட்டில்ல படுக்க ஆரம்பிச்சேன். மணப்பாறை போய் மாமனார் முன்னாடி நின்னு, "நான் உங்க பொண்ணுக்கு துரோகம் பண்ணேன், உங்க மூஞ்சிய பாத்து சொல்லணும்னு வந்தேன்"னு சொன்னேன். அவர் தலைய ஆட்டினார். காபிய கையில குடுத்தார்.

இத எழுதி முடிச்சுட்டு முதல்ல அவகிட்ட தான் குடுத்தேன். போடலாமான்னு கேட்டேன். படிச்சா, ஒற்றுப்பிழை நாலஞ்சு இடத்துல திருத்தினா, "நாங்க மீண்டு வந்துட்டோம்"னு ஒரு வரி எழுதியிருந்தேன், அத அடிச்சுட்டா. "வந்துட்டோம்னு எழுதாதீங்க"ன்னா. சரின்னு எடுத்துட்டேன்.

எக்ஸ்பென்ஸ் ஸ்டேட்மென்ட்ட இப்ப நானே தான் ஒட்டறேன். போன மாசக் கடைசில ராத்திரி ஃபேன ஆஃப் பண்ணிட்டு தரையில எல்லாத்தையும் பரப்பி வச்சு ஒட்டிக்கிட்டு இருந்தேன். அவ பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தவ எந்திரிச்சு வந்து, வேர்க்குதேன்னு கதவ தொறந்து விட்டா. போறப்ப குனிஞ்சு ஒரு பில்ல எடுத்தா. சாப்பாடு 1, காபி 1.

"இது எந்த ஊரு?"

"புதுக்கோட்டை."

தேதிய பாத்தா. ஷீட்ட பாத்தா. பில்ல என் கையில குடுத்துட்டு திருத்தறதுக்கு திரும்பி போனா.